இருளப்பனைக் கூப்பிட்ட ஊர்

இருளப்பன் இறந்து மூன்றரை வருஷம் ஆன பிறகு, அவர் உயிரோடிருந்தபோது பெயர்கூடக் கேட்டிராத ஒரு கடலோர ஊரில், நாளுக்கு நாலைந்து தடவையாவது யாராவது அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கிளினிக்கில் கூப்பிட்டார்கள், வங்கியில் கூப்பிட்டார்கள், தபால் நிலையத்தில் பார்சலைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிட்டார்கள், முடிவெட்டும் கடையில் நாற்காலியைத் துண்டால் தட்டிவிட்டுக் கூப்பிட்டார்கள். அப்போதெல்லாம் அவருடைய மகன் ஞானவேல் எழுந்து போனான்.

அருப்புக்கோட்டையில் அவன் இ. ஞானவேல். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டபோது, குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விடக்கூடாது என்று ஏஜெண்ட் சொன்னதால், இனிஷியலை விரித்து அதில் போட்டான். அந்தக் கட்டம் அவனை முந்திக்கொண்டு விமானம் ஏறிவிட்டது. நியூசிலாந்தின் தென்தீவில், பால்பொடித் தொழிற்சாலையின் குளிரூட்டும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ள அவன் வந்து சேர்ந்தபோது, விசாவிலும் அடையாள அட்டையிலும் வீட்டு ஒப்பந்தத்திலும் வந்து இறங்கியிருந்தது இருளப்பன்தான். சொந்த ஊரில் இருபத்தெட்டு வருஷம் 'லைன்மேன் இருளப்பன் மகன்' என்று அறியப்பட்டவன், பதினோராயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்து, மகன் என்ற சொல்லையும் பறிகொடுத்து, இருளப்பனாகவே ஆகிவிட்டான். தன் பெயரைத் தன்னிடமே திருப்பித் தரும்படி தலைநகரத்து அலுவலகம் ஒன்றுக்கு விண்ணப்பம் எழுதிப் போட்டுவிட்டு, அதைப் பற்றி மறந்தும் போனான்.

ஏப்ரல் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், கிளினிக்கின் வரவேற்பு மேசையில் இருந்த ஹெதர் என்ற பெண், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "மிஸ்டர் இருளப்பன்" என்று கூப்பிட்டாள். ஞானவேல் எழுந்தான். அவன் எழுந்த அதே நேரத்தில், திறந்திருந்த ஜன்னல் வழியாக, கட்டைவிரல் அளவு உடம்பும் அதைவிட நீளமான வாலும் கொண்ட ஒரு பறவை உள்ளே வந்து, மேசை விளிம்பில் உட்கார்ந்து, வாலை விசிறி போல விரித்து மடக்கி மறுபடி விரித்து, என்ன வேலை என்று கேட்கிற தோரணையில் ஹெதரைப் பார்த்தது.

"ஒருவருக்குத்தானே நேரம் வாங்கியிருக்கிறீர்கள்?" என்றாள் ஹெதர்.

"ஆமாம், ஒருவருக்குத்தான்" என்றான் ஞானவேல்.

அவள் தலையை ஆட்டிவிட்டு இருவரையும் டாக்டரின் அறைக்கு அனுப்பிவைத்தாள்.

மறுநாள் தபால் நிலையத்தில் அவனைக் கூப்பிட்டபோது, கோழி அளவு பெரிய புறா ஒன்று, பச்சைத் தலையும், துவைத்துக் காயப்போட்ட பனியன் போன்ற வெள்ளை மார்புமாக, இறக்கைகள் காற்றை அடிக்கும் ஓசை தெருமுனைவரை கேட்க வந்து இறங்கி, எடை பார்க்கும் இயந்திரத்தின் மேல் நின்றது. அறுநூற்றைம்பது கிராம் காட்டியது. வங்கியில் கூப்பிட்டபோது, பென்சில் நீளச் சிவப்பு அலகோடு ஒரு கரையோரப் பறவை தானாகத் திறக்கும் கதவு திறக்கக் காத்திருந்து உள்ளே நடந்து வந்தது. தொழிற்சாலை வாசலில் லாரி ஓட்டுநர் ஒருவன், "எங்கே அந்த இருளப்பன்" என்று கோபமாகக் கத்தியபோது, மலைப்பக்கத்துப் பச்சைக் கிளி ஒன்று எண்பது மைல் பறந்து வந்து, லாரிக் கண்ணாடியின் வைப்பர் ரப்பரை நிதானமாகக் கழற்றி எடுத்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு யாரும் அவனைக் கோபமாகக் கூப்பிடவில்லை.

ஞானவேலுக்கு ஒரு பறவையின் பெயரும் தெரியாது. சொந்த ஊரில் அவன் அறிந்தவை காக்கை, மைனா, அப்புறம் எந்நேரமும் ஏழெட்டாகச் சேர்ந்து சண்டை போட்டுக்கொண்டு புழுதியில் தத்தித் திரிகிற தவிட்டுக்குருவி. அவற்றையும் அவன் பார்த்தான் என்று சொல்ல முடியாது. அவை அங்கே இருந்தன, அவ்வளவுதான். இப்போது அவன் பாக்கெட்டில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டு, வந்ததை எல்லாம் தனக்குத் தெரிந்த மாதிரி எழுதினான்: கழுத்தில் வெள்ளைக் குஞ்சம், வக்கீல் போல. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், பச்சை, எலுமிச்சம்பழ அளவு, பதினைந்து பேர். அலகு கரண்டி. அப்படி எழுதுவதில் அவனுக்கு ஒரு சந்தோஷம் உண்டாயிற்று. புது நாட்டுக்கு வந்து மூன்று வருஷத்தில் யாரும் அவனைத் தேடி வந்ததில்லை. இப்போது கூப்பிட்ட இடத்திலெல்லாம் யாராவது வந்தார்கள்.

ஊர் இதை எடுத்துக்கொண்ட விதத்தில் ஆரவாரம் இல்லை. தபால் நிலையத்தில் எடை இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு மரக்கிளையைப் பொருத்தினார்கள். வங்கியில் கதவருகே 'பறவைகளுக்கு முன்னுரிமை' என்று எழுதி ஒட்டினார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வெள்ளிக்கிழமைதோறும் வரிசையாக வந்து, அவன் முடிவெட்டிக்கொள்வதை ஓசையில்லாமல் பார்த்துவிட்டுப் போனார்கள். ஆளுக்கு ஆள் வரும் பறவை வேறு என்பதும், ஒருவர் குரலுக்கு எப்போதும் ஒரே வகைப் பறவைதான் என்பதும் சீக்கிரமே தெரிந்துவிட்டதால், அந்த ஊரில் ஒருவரைப் பற்றி இன்னொருவர் விசாரிக்கும்போது, அவளுக்கு என்ன வந்தது, இவனுக்கு என்ன வந்தது என்று கேட்டுக்கொள்வது வழக்கமாயிற்று. முப்பது வருஷம் யாரோடும் பேசாதிருந்த நூலகர் ஒருவர் கூப்பிட்டதற்கு, அலகில் ஈர மணலோடு இரண்டு கறுப்பு அன்னங்கள் வந்தன. மறுவாரம் அவர் சர்ச்சின் பாட்டுக் குழுவில் சேர்ந்தார்.

ஒரு நிபந்தனை மட்டும் இருந்தது. வேலையாகக் கூப்பிட்டால்தான் வந்தன. வேடிக்கைக்கு, வெட்டவெளியில் நின்று, "இருளப்பன், இருளப்பன்" என்று கத்தியவர்களுக்குத் தொண்டை வலிதான் மிஞ்சியது. ஆகவே ஊரார் வேலைகளை உண்டாக்கினார்கள். ஹெதர் வாரம் ஒருமுறை அவனுடைய ரத்த அழுத்தத்தைப் பார்க்க ஏற்பாடு செய்தாள். அந்த வட்டாரத்திலேயே அதிகம் அளக்கப்பட்ட ரத்த அழுத்தம் அவனுடையது. யார் யாரோ அவனுக்குப் பார்சல் அனுப்பினார்கள். பிரித்தால் உள்ளே ஒரு ஆப்பிள் இருக்கும், அல்லது பின்னிய காலுறை ஒன்று. ஜோடி அடுத்த வாரப் பார்சலில்.

ஊரின் பறவை பார்ப்போர் சங்கத்துக்கு டங்கன் என்பவர் செயலாளர். ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர், எழுபது வயது, கழுத்தில் எந்நேரமும் பைனாகுலர். அவர் ஒரு பெரிய பதிவேட்டோடு ஞானவேலின் வீட்டுக்கு வந்து, சமையலறையில் உட்கார்ந்து, அவன் நோட்டில் எழுதியிருந்த வக்கீலுக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் சரியான பெயர்களைச் சொல்லி, பிறகு தொண்டையைச் செருமினார்.

"தப்பாக நினைக்கக் கூடாது. உங்கள் பெயருக்கு என்ன அர்த்தம்? ஏதாவது பறவை சம்பந்தமாகவா?"

"அது என் பெயர் இல்லை" என்றான் ஞானவேல். "என் அப்பா பெயர்."

டங்கன் பேனாவை மூடினார். "அப்படியானால் இத்தனை நாளும் நாங்கள் உங்கள் அப்பாவையா கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்?"

"ஆமாம்."

"அவர் எங்கே இருக்கிறார்?"

"இறந்துவிட்டார். நான் இங்கே வருவதற்கு ஆறு மாதம் முன்னால்."

டங்கன் மூடிய பேனாவைப் பதிவேட்டின் மேல் வைத்தார். "என்ன வேலை பார்த்தார்?"

"லைன்மேன். மின்கம்பத்தில் ஏறுகிற வேலை. ஊரில் எந்த மூலையிலிருந்து யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் போய்விடுவார். கையில் சோறு இருந்தாலும் உதறிவிட்டுப் போவார்."

"அதுதான், வேலையென்றால் வருகிறார்" என்றார் டங்கன், நீண்ட கணக்கு ஒன்று சரியாகிவிட்டது போல. அன்று மாலைக்குள் செய்தி ஊருக்குத் தெரிந்தது. அதுவரை வெறும் இருளப்பன் என்றவர்களும் மறுநாள் முதல் 'மிஸ்டர்' சேர்த்துக்கொண்டார்கள். வாயில் நுழையாமல் இரூலாப்பேன் என்றவர்கள் 'ள'கரத்தை வீட்டில் கண்ணாடி முன் நின்று பழகினார்கள். செப்டம்பருக்குள் அந்தப் பெயரை அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் சொன்னாலும் ஆள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குத் தேறிவிட்டார்கள்.

அப்போதுதான் தலைநகரத்திலிருந்து கடிதம் வந்தது. விண்ணப்பம் ஏற்கப்பட்டது. இனி அவனுடைய பெயர் எல்லாப் பதிவேடுகளிலும் ஞானவேல் என்று மட்டுமே இருக்கும், இருளப்பன் என்ற சொல் நீக்கப்படும், அக்டோபர் இருபத்தெட்டு திங்கட்கிழமைக்குள் கையெழுத்திட்டு அனுப்பாவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படும். கடிதத்தை அவன் ஃபிரிட்ஜின் கதவில் காந்தம் வைத்து ஒட்டினான். பறவைச் சங்கம் கூடி விவாதித்து, ஒருவருடைய பெயர் அவருடைய உரிமை என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. தீர்மானத்தைக் கொண்டுவந்து கொடுத்த டங்கனின் முகத்தை ஞானவேலால் பார்க்க முடியவில்லை.

கையெழுத்துப் போட்டால் கிளினிக்கில் ஞானவேல் என்று கூப்பிடுவார்கள். இருளப்பனைக் கூப்பிட இந்த நாட்டில் யாருக்கும் ஒரு வேலையும் இருக்காது. போடாவிட்டால் சாகும்வரை அவனை யாரும் அவனாகக் கூப்பிட மாட்டார்கள். இப்போதைக்கு அவனை ஞானம் என்று கூப்பிட உலகத்தில் ஒரே ஒரு குரல்தான் மிச்சமிருந்தது. அதுவும் தொலைபேசியில்.

அந்தக் குரல் அக்டோபர் முதல் வாரத்தில், இரண்டு பெட்டி, ஒரு அட்டைப்பெட்டியோடு நேரில் வந்து இறங்கியது. அவனுடைய அம்மா பேச்சியம்மாளின் பாஸ்போர்ட்டிலும் அதே கட்டம், அதே பெயர். விமான நிலையத்து அதிகாரி "மிஸஸ் இருளப்பன்" என்றபோது, அவள் முந்தானையைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டு, பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாளாம்.

பேச்சியம்மாள் கணவனின் பெயரைச் சொன்னதே இல்லை. ரேஷன் கார்டு எழுத வந்தவர் கேட்டபோது, "பகல் போனா வருமே, அதோட ஒங்க அப்பாவச் சேத்துக்கோங்க" என்று சொன்னவள். அந்தப் பெயரின் பாதி அன்றாடம் புழங்குகிற சொல்லாக இருந்ததால், அந்தச் சொல்லையும் நாற்பத்தோரு வருஷமாகத் தவிர்த்தாள். கரண்ட் போனால், "வெளிச்சம் போச்சு" என்பாள். வெளிச்சம் போனதும் ஊர் முழுக்க அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். அவர் ஓடுவார்.

வீட்டிலிருந்து கூப்பிட்டால் மட்டும் வரமாட்டார். அதுதான் அந்தக் குடும்பத்தின் தீராத வழக்கு. பகல் ஒன்றரைக்கு அவள் வாசலில் நின்று, "இந்தாங்க" என்பாள். பதில் இருக்காது. "இந்தாங்க, சோறு ஆறுது" என்பாள். பத்துத் தடவை கூப்பிட்டு ஓய்ந்து, சட்டியைத் தட்டால் மூடிவிட்டு அவள் உட்கார்ந்த பிறகு, மூன்று மணிக்கு வருவார். தனியாக அல்ல, கூட வேலை பார்த்தவர்கள், கம்பத்தடியில் பழக்கமானவர்கள் என்று ஆறு பேரைச் சொல்லாமல் கொள்ளாமல் கூட்டிக்கொண்டு, தெருவில் வரும்போதே ஏழு பேரும் ஏழு விதமாகச் சத்தம் போட்டுக்கொண்டு வருவார். அதனால் அவள் எப்போதுமே ஏழு பேருக்குச் சேர்த்து உலை வைத்தாள்.

வந்த மூன்றாம் நாள் ஞானவேல் அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனான். ஹெதர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.

"மிஸ்டர் இருளப்பன்."

பேச்சியம்மாள் விருட்டென்று எழுந்து நின்றாள். "ஏய்யா, யாருய்யா இந்தப் புள்ள? எவ்வளவு தைரியமாப் பேரச் சொல்லுது!"

"என்னையத்தாம்மா கூப்பிடுறாங்க. பேசாம இரு. இப்பப் பாரு."

விசிறிவால் உள்ளே வந்தது. மேசை விளிம்பில் உட்கார்ந்து வாலை விரித்தது. காத்திருந்தவர்கள் எல்லோரும் புன்னகையோடு பேச்சியம்மாளைப் பார்த்தார்கள். அவள் யார் என்று அவர்களுக்குத் தெரியும்.

"இதுதாம்மா அப்பா" என்றான் ஞானவேல்.

அவள் அருகில் போய், குனிந்து, அதை மேலும் கீழும் பார்த்தாள். பறவையும் தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தது.

"இது அவுக இல்ல" என்றாள்.

"எப்படிம்மா சொல்ற?"

"ஒரு கூப்பிடுக்கு வந்துருச்சே. அவுக என்னைக்கி ஒரு கூப்பிடுக்கு வந்திருக்காக? இது வேற ஆளு."

ஹெதர் என்னவென்று கேட்டாள். ஞானவேல் சொன்னான். கிளினிக்கே சிரித்தது. பேச்சியம்மாளும் சிரித்தாள். ஆனால் வீடு திரும்பும் வழியில், தபால் நிலையத்து வாசலில் வெள்ளைப் பனியன் புறா நின்றதையும், வேலிக் கம்பியில் வக்கீல் பாடிக்கொண்டிருந்ததையும் அவன் காட்டியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வீட்டில் கத்தரிக்காய் நறுக்க உட்கார்ந்தபோது சொன்னாள்: "எவ கூப்பிட்டாலும் வாராக போல."

"வேலையாக் கூப்பிட்டா வருவாரும்மா. அங்கேயும் அப்படித்தான?"

"அங்கனயும் அப்படித்தான்." அவள் ஒரு காயை நாலாகப் பிளந்து தண்ணீரில் போட்டாள். "பேர் சொல்லிக் கூப்பிட்டாத்தான் காதுல விழும். நான் எங்கிட்டுப் பேர் சொல்ல? இந்தாங்க, இந்தாங்கன்னே காலம் போச்சு." ஃபிரிட்ஜ் கதவைக் காட்டினாள். "அது என்ன காயிதம்? வந்ததுல இருந்து அதையே பாத்துக்கிட்டு நிக்கிற."

அவன் சொன்னான். கட்டம், இனிஷியல், திங்கட்கிழமை எல்லாம்.

"போட்டுற வேண்டியதுதான? ஒன் பேரு ஒனக்கு வேணாமாய்யா? நான் வச்ச பேரு அது. அவுக பேரச் சொல்ல ஒரு ஊரே இருக்கு. ஒன் பேரச் சொல்ல நான் ஒருத்திதான் இருக்கேன்."

"போட்டா அப்பா வரமாட்டாரும்மா."

"இப்ப மட்டும் எங்க வந்தாக?"

"நீ ஒரு தடவ கூப்பிட்டுப் பாரு. டங்கன் வந்து எத்தன தடவ கேட்டுட்டார். எல்லார் குரலுக்கும் ஏதோ ஒண்ணு வருது. ஒன் குரலுக்கு என்ன வருதுன்னு பாக்க ஊரே காத்திருக்கு."

அரிவாள்மணையில் அவள் கை நின்றது.

"கூப்பிட்டு வரலைன்னா?" என்றாள்.

அவள் அடுத்த காயை எடுத்தாள். அதற்குப் பிறகு மூன்று வாரம் இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஊரில் செடிகளெல்லாம் பூத்தன. பேச்சியம்மாள் வாரந்தோறும் கிளினிக்குக்கு வந்தாள், ஹெதர் கூப்பிட்டதும் எழுந்து நின்றாள், விசிறிவாலை வேற்றாளைப் பார்ப்பது போலப் பார்த்தாள், ஹெதருக்கு முறுக்கு கொடுத்தாள்.

கெடு முடிகிற திங்கட்கிழமைக்கு முந்திய ஞாயிறன்று, பறவைச் சங்கத்தார் பதினொரு பேரையும், ஹெதரையும் சாப்பிடக் கூப்பிட வேண்டும் என்று அவள்தான் சொன்னாள். இத்தனை நாள் அவுக பேரை மரியாதையாகச் சொன்னவர்களை வெறும் வயிற்றோடு விடலாமா என்றாள். காலையிலேயே ஆட்டுக்கறிக் குழம்பு கொதித்தது. பன்னிரண்டு பேர், வீட்டில் இரண்டு பேர், பதினாலு என்று ஞானவேல் அரிசியை எடுத்து வைத்தான். அவள் மேற்கொண்டு ஏழு கை அள்ளிப் போட்டாள். போட்டுவிட்டு, தான் என்ன செய்தோம் என்று ஒரு நிமிஷம் அரிசியைப் பார்த்தாள். திரும்ப எடுக்கவில்லை.

பின்கட்டுப் புல்வெளியில், கழுத்தில் பைனாகுலரும் மடியில் தட்டுமாகப் பதினொரு பேர் உட்கார்ந்தார்கள். வெயில் இதமாக இருந்தது. வேலிக்கு அப்பால் சந்து, சந்தில் மின்கம்பங்கள், கம்பிகள் காலியாக இருந்தன. அவள் எல்லோருக்கும் பரிமாறினாள். டங்கன் விரல்களால் பிசையக் கற்றுக்கொண்டிருந்தார். ஹெதருக்குக் காரத்தில் கண்ணீர் வழிந்தது; ஆனாலும் இன்னும் கொஞ்சம் என்றாள். பேச்சியம்மாள் உள்ளே போய்க் கரண்டியைச் சட்டியில் வைத்தாள், முந்தானையில் கையைத் துடைத்தாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்றரை. கால் தானாகவே பின்வாசல் படிக்குப் போய் நின்றது.

"இந்தாங்க" என்று கூப்பிட்டாள்.

புல்வெளியில் பன்னிரண்டு கைகள் நின்றன.

"இந்தாங்க, சோறு ஆறுது."

காற்று வந்து போனது. கம்பிகள் காலியாக இருந்தன. டங்கன் ஞானவேலின் பக்கம் சாய்ந்து, "என்ன சொல்கிறார்?" என்றார்.

"சாப்பாடு ஆறுகிறது என்கிறார்."

"பெயர் சொன்னாரா?"

"இல்லை. சொல்ல மாட்டார்."

"அப்புறம் தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று அவருக்கு எப்படித் தெரியும்?"

ஞானவேல் யோசித்தான். இந்தாங்க என்ற சொல்லுக்கு அருப்புக்கோட்டையில் எல்லா வீட்டு ஆண்களும் திரும்பிப் பார்ப்பார்கள். இந்தக் குரலில் சொன்னால் ஒருவர் மட்டும் திரும்பிப் பார்க்காமல் இருப்பார்.

"இந்தாங்க, ஒங்களத்தான், ஊர்ல உள்ளவுக எல்லாம் சாப்பிட்டாச்சு." மூன்று. "கறி ஆறுனா நல்லாவா இருக்கும்?" நாலு. "எவ கூப்பிட்டாலும் போகத் தெரியுதுல்ல?" ஐந்து. அவள் குரல் ஏறியது, இறங்கியது, கெஞ்சியது, ஏசியது. நாற்பத்தோரு வருஷத்துப் பகல்கள் எல்லாம் அந்தப் படியில் வந்து நின்று ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் போயின. புல்வெளியில் ஒருவரும் அசையவில்லை. பத்தாவது தடவை அவள் வெறும் "இந்தாங்க" என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு, உள்ளே போய்ச் சட்டியைத் தட்டால் மூடிவிட்டு வந்து, படியில் உட்கார்ந்தாள்.

ஞானவேல் அம்மாவின் முகத்தைப் பார்க்கப் பயந்தான். பிறகு பார்த்தான். அதில் அழுகை இல்லை. அருப்புக்கோட்டையில் தினமும் அந்த நேரத்துக்கு இருந்த அதே முகம்தான் இருந்தது.

"நீங்க சாப்பிடுங்க" என்றாள் எல்லோரிடமும், தமிழிலேயே. "அவுக வாரப்ப வருவாக."

அவர்கள் சாப்பிட்டார்கள். மறு சோறு வாங்கினார்கள், ரசத்தை டம்ளரில் குடித்தார்கள், பேச்சு மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. மணி மூன்றை நெருங்கும்போது சந்தின் கோடியிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. பாட்டு அல்ல, கூவல் அல்ல. ஏழு பேர் ஏழு விதமாக ஒரே விஷயத்தைப் பற்றி ஒரே நேரத்தில் தகராறு செய்துகொண்டு வருகிற சத்தம். அது கம்பத்துக்குக் கம்பம் நெருங்கி வந்தது. பிறகு கம்பியிலிருந்து வேலிக்கும், வேலியிலிருந்து புல்லுக்குமாக, ஒன்றன்மேல் ஒன்று இடித்துக்கொண்டு, தவிட்டு நிறத்தில், வெளுத்த தலையும் மஞ்சள் அலகுமாக, சட்டையைச் சரியாகப் போடாதது போலக் கலைந்த இறகுகளோடு ஏழு பறவைகள் பொத்தென்று வந்து விழுந்தன.

டங்கனின் தட்டு கவிழ்ந்தது. பதினொரு பைனாகுலர்களும் ஒரே நேரத்தில் ஏறின. யாரோ புத்தகத்தின் பக்கங்களைப் படபடவென்று புரட்டினார்கள். "இல்லை" என்றார் டங்கன். "புத்தகத்தில் இல்லை. இந்தத் தீவிலேயே இல்லை. இது என்ன?"

"எவ்வளவு அழகு!" என்றாள் ஹெதர்.

அருப்புக்கோட்டையில் தவிட்டுக்குருவியைப் பார்த்து யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஞானவேல் டங்கனின் பைனாகுலரை வாங்கிப் பார்த்தான். தவிட்டுக்குருவியின் கண் பால் நிறத்தில் இருந்தது. அலகின் ஓரத்தில் வெயில் பட்டு மஞ்சள் கனிந்திருந்தது. மார்பில் தவிட்டு நிறம் ஒன்றல்ல, நாலைந்து. இருபத்தெட்டு வருஷம் அவை அவனுடைய ஜன்னலுக்கு வெளியே இருந்திருக்கின்றன.

படியில் பேச்சியம்மாள் எழுந்து நின்றிருந்தாள். ஒரு கை முந்தானையைத் தோளில் இழுத்தது, இன்னொரு கை வாயைப் பொத்தியது. தோள்கள் குலுங்கின. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தியாய்யா, பாத்தியா! மூணு மணி. ஏழு பேரு. ஒரு வார்த்தை சொல்லாமக் கூட்டிட்டு வந்துட்டாக!" உள்ளே ஓடி, மூடி வைத்த சோற்றைத் தட்டோடு எடுத்துவந்து புல்லில் வைத்தாள். ஆறு பறவைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தட்டில் ஏறின.

டங்கன் மெதுவாக அவள் பக்கத்தில் வந்து நின்றார். "இதில் எது அவர் என்று கேளுங்கள்" என்றார் ஞானவேலிடம்.

அவன் கேட்கவேண்டியிருக்கவில்லை. அவள் கையை நீட்டிக் காட்டினாள். தட்டுக்கு ஒரு முழம் தள்ளி, ஏழாவது பறவை, மற்றவை தின்பதைப் பார்த்தபடி நின்றது.

"அந்தா, பின்னாடி நிக்கிறது. கூட்டாளிகளச் சாப்பிடச் சொல்லிட்டு அவுக அப்படித்தான் நிப்பாக." பிறகு அதனிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "நெறைய இருக்கு. வந்து ஒக்காருங்க."

அது தத்தித் தத்தி வந்தது.

ஞானவேல் உள்ளே போய், ஃபிரிட்ஜின் கதவிலிருந்து கடிதத்தை எடுத்துவந்து, டங்கனின் பேனாவை வாங்கி, அவருடைய பதிவேட்டின் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டான். டங்கன் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தாங்க என்ற சொல் எந்தப் பதிவேட்டிலும் இல்லை, எந்த அலுவலகத்தாலும் அதை நீக்க முடியாது என்பது அவருக்கும் புரிந்திருந்தது. கையெழுத்து காய்ந்ததும் அவர் பதிவேட்டைத் திருப்பி, புதுப் பக்கத்தில், நேரம் மூன்று மணி, எண்ணிக்கை ஏழு என்று எழுதி, பெயர் என்ற இடத்தில் நிறுத்தினார். ஞானவேல் எழுத்துக் கூட்டிச் சொல்ல, த-வி-ட்-டு என்று எழுதினார்.

நவம்பரில் பதிவேடுகள் எல்லாம் மாறின. விசிறிவாலும், வெள்ளைப் பனியன் புறாவும், சிவப்பு அலகும் கடைகளுக்குள் வருவதை நிறுத்திக்கொண்டு, ஊருக்கு வெளியே அவரவர் மரங்களில் இருந்தன. பார்க்க விரும்பியவர்கள் நடந்து போய்ப் பார்த்தார்கள். தபால் நிலையத்துக் கிளையை யாரும் கழற்றவில்லை. தினமும் மூன்று மணிக்கு ஞானவேலின் பின்கட்டில் கூட்டம் இருந்தது.

அந்த மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், அவனும் அம்மாவும் கிளினிக்கில் காத்திருந்தார்கள். ஹெதர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, புதுப் பெயரை ஒருமுறை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, "மிஸ்டர் ஜினானாவெல்" என்று கூப்பிட்டாள். யாரும் எழுந்திருக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். ஞானவேல் ஜன்னல் வழியே, கார் நிறுத்துமிடத்தில் தவிட்டுக்குருவிகள் ஒரு காலிப் பைக்காகச் சண்டையிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது பேச்சியம்மாள் அவன் விலாவில் முழங்கையால் இடித்தாள்.

"ஏய்யா ஞானம், ஒன்னயத்தான். அப்பனப் போலவே ஒக்காந்திருக்கியே!"

அவன் திடுக்கிட்டு எழுந்து, வெட்கப்பட்டு, சிரித்துக்கொண்டே போனான்.